தோற்கடித்த கோச்சையே தூக்கிட்டுப் போன கல்லூரி... அமெரிக்க பாஸ்கெட்பாலில் என்ன நடக்கிறது?

2025 மார்ச் 19. அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில் இருக்கும் டேட்டன் நகரம். தேசிய அளவிலான கல்லூரி கூடைப்பந்துப் போட்டியின் ஆரம்பச் சுற்று ஆட்டம். ஒரு பக்கம் பணபலம் மிக்க டெக்ஸாஸ் பல்கலைக்கழகம். எதிரே, அதைவிட ரொம்பச் சின்ன சேவியர் பல்கலைக்கழகம். 86-80 என்ற கணக்கில் சேவியர் ஜெயித்தது. டெக்ஸாஸ் மூட்டை கட்டியது.

அடுத்து நடந்ததுதான் விஷயமே. டெக்ஸாஸ் தன் பயிற்சியாளரை வீட்டுக்கு அனுப்பியது. அந்த இடத்துக்கு யாரைக் கொண்டுவந்தது தெரியுமா? சில நாள்களுக்கு முன்பு தங்களைத் தோற்கடித்த சேவியரின் கோச் ஷான் மில்லரை!

கதை அதோடு நிற்கவில்லை. கோச் இல்லாமல் நின்ற சேவியர், நியூ மெக்ஸிகோ பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் பிட்டினோவை அழைத்துக்கொண்டது. நியூ மெக்ஸிகோ சும்மா இருக்குமா? அது சான் டியேகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் எரிக் ஓலனைக் கூட்டிவந்தது. கடைசியாக, சான் டியேகோ தன் உதவிப் பயிற்சியாளருக்கே பதவி உயர்வு கொடுத்தது. மேலே ஒருத்தர் தோற்றதுக்கு, கீழே மூணு கல்லூரிகள் கோச்சை இழந்தன. அமெரிக்கக் கல்லூரி கூடைப்பந்தின் இன்றைய நிலையைப் புரிஞ்சுக்க இந்த ஒரு சங்கிலியே போதும்.

கான்ஃபரன்ஸ்னா மாநாடு இல்லீங்க!

அமெரிக்காவில் முதல் டிவிஷனில் ஆடும் கல்லூரி அணிகள் 360-க்கும் மேல். எல்லோரும் எல்லோருடனும் ஆட முடியாது. அதனால் கல்லூரிகள் குழுக்களாகப் பிரிந்திருக்கின்றன. இந்தக் குழுவுக்குப் பெயர்தான் கான்ஃபரன்ஸ். தென்கிழக்கு மாநிலக் கல்லூரிகளின் எஸ்.இ.சி., டியூக், நார்த் கரோலினா போன்ற ஜாம்பவான்கள் இருக்கும் ஏ.சி.சி., வடகிழக்கு மாநிலக் கல்லூரிகளில் ஆரம்பித்த பிக் ஈஸ்ட் எனப் பல கான்ஃபரன்ஸ்கள் உண்டு.

2025 மார்ச் மாதம் நடந்த தேசியப் போட்டியில் 68 அணிகளுக்கு இடம். 2025-ல் 31 கான்ஃபரன்ஸ்களின் சாம்பியன்கள் நேரடியாக உள்ளே வந்தார்கள். மீதி 37 இடங்களை ஒரு தேர்வுக் குழு நிரப்பியது. சண்டையெல்லாம் இந்த 37 இடங்களுக்குத்தான்.

2025-ல் எஸ்.இ.சி-யின் 16 அணிகளில் 14 உள்ளே போயின. அதற்கு முந்தைய சாதனை, 2011-ல் பிக் ஈஸ்ட் அனுப்பிய 11 அணிகள். அதே 2025-ல், 18 அணிகள் கொண்ட ஏ.சி.சி-க்குக் கிடைத்தது வெறும் நாலே இடம். ஒருகாலத்தில் கல்லூரி கூடைப்பந்து என்றாலே ஏ.சி.சி-தான் என்று இருந்த நிலைமை, தலைகீழ்.

நவம்பரிலேயே முடிஞ்சுபோற பரீட்சை

ஒரு கான்ஃபரன்ஸ் பலமானதா இல்லையா என்பதை எப்படி முடிவு செய்கிறார்கள்? இங்கேதான் ஒரு சூட்சுமம் இருக்கு.

ஜனவரி முதல் மார்ச் வரை அணிகள் பெரும்பாலும் தங்கள் கான்ஃபரன்ஸுக்குள்ளேயே ஆடுகின்றன. ஒருத்தர் ஜெயித்தால், அதே குழுவில் இன்னொருத்தர் தோற்கிறார். எஸ்.இ.சி-யில் 16 அணிகள், ஆளுக்கு 18 ஆட்டங்கள். மொத்தம் 144 வெற்றி, 144 தோல்வி. கூட்டிக் கழிச்சுப் பார்த்தால் எப்பவும் சரிபாதிதான். ஆக, ஒரு கான்ஃபரன்ஸ் இன்னொன்றைவிட உசத்தியா என்று சொல்லக்கூடிய ஆட்டங்கள், நவம்பர், டிசம்பரில் வெளியாட்களுடன் ஆடுபவை மட்டும்தான். அதில் எடுத்த மார்க்கை வைத்துதான் மீதி சீஸன் முழுக்க ஓடும்.

2024 டிசம்பரில் எஸ்.இ.சி-யும் ஏ.சி.சி-யும் நேருக்கு நேர் மோதிய தொடரில் எஸ்.இ.சி. 14-2 என்று ஜெயித்தது. அப்பவே கதை முடிஞ்சது. அதன் பிறகு எஸ்.இ.சி. அணி ஒன்று இன்னொரு எஸ்.இ.சி. அணியிடம் தோற்றால், 'பரவாயில்ல, பலமான அணிகிட்டதானே தோத்துச்சு' என்று கணக்கு. ஏ.சி.சி. அணி இன்னொரு ஏ.சி.சி. அணியை ஜெயித்தால், 'யாரைப் பெருசா ஜெயிச்சுட்டே?' என்று கேள்வி.

தேர்வுக் குழு ஆட்டங்களை நாலு தட்டாகப் பிரித்துப் பார்க்கிறது. தரவரிசையில் முதல் 30-க்குள் இருக்கும் அணியைச் சொந்த மைதானத்தில் சந்திப்பது, முதல் 50-க்குள் இருப்பவரைப் பொது இடத்தில் சந்திப்பது, முதல் 75-க்குள் இருப்பவரை அவர் ஊரிலேயே சந்திப்பது... இவைதான் முதல் தட்டு. பெரிய கான்ஃபரன்ஸில் இருந்தால் வாரத்துக்கு ரெண்டு முறை இந்த வாய்ப்பு தானாக வரும். சின்ன கான்ஃபரன்ஸில் இருந்தால் வருஷத்துக்கு ரெண்டு, மூணு கிடைத்தாலே அதிர்ஷ்டம்.

விளைவு? எஸ்.இ.சி-க்குள் 6 வெற்றி, 12 தோல்வி. மொத்தத்தில் 19 வெற்றி, 15 தோல்வி என்று இருந்த டெக்ஸாஸுக்கு இடம் கிடைத்தது. 28 வெற்றி, 6 தோல்வி என்று இருந்த கலிஃபோர்னியாவின் அர்வைன் பல்கலைக்கழகத்துக்குக் கிடைக்கவில்லை. அர்வைன் செய்த தப்பு, தன் சின்ன கான்ஃபரன்ஸின் இறுதி ஆட்டத்தில் தோற்றதுதான். தோற்கடித்தது, மேலே பார்த்த அதே சான் டியேகோ.

இது வெறும் கௌரவப் பிரச்னை இல்லை. தேசியப் போட்டியில் ஓர் அணி ஆடும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் (இறுதி ஆட்டம் நீங்கலாக) அதன் கான்ஃபரன்ஸுக்கு ஆறு ஆண்டுகளில் சுமார் 20 லட்சம் டாலர் வருகிறது. 14 அணிகளை அனுப்பும் கான்ஃபரன்ஸுக்கும், ஒரே அணியை அனுப்பும் கான்ஃபரன்ஸுக்கும் இடைவெளி எப்படி விரியும் என்பதை நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

பத்து வருஷ உழைப்பு... பணமும் சேர்ந்து!

எஸ்.இ.சி. ஒரே ராத்திரியில் இப்படி ஆகவில்லை. 2016-ல் அங்கிருந்து தேசியப் போட்டிக்குப் போனவை மூன்றே அணிகள். அமெரிக்கக் கால்பந்தில் ராஜா. கூடைப்பந்தில் கென்டக்கி என்ற ஒரு பெரிய பெயரை விட்டால் ஏனோதானோ. அந்த ஆண்டுதான் பிக் ஈஸ்ட்டின் முன்னாள் தலைவர் மைக் ட்ராங்கீஸை ஆலோசகராக அழைத்துவந்தார் எஸ்.இ.சி. ஆணையர் கிரெக் சாங்கி. கால்பந்தில் கொட்டிய பணம் கூடைப்பந்துப் பக்கமும் வர ஆரம்பித்தது. முக்கியமாக, கோச்சுகளைத் தேடிப் பிடித்தார்கள்.

புரூஸ் பேர்ல் 2014-லேயே ஆபர்னுக்கு வந்திருந்தார். அவருக்குக் கீழ் 2019-ல் அந்தக் கல்லூரி முதல்முறையாகக் கடைசி நாலு அணிகளுக்குள் நுழைந்தது. டெக்ஸாஸில் 17 சீஸன்கள் இருந்து வெளியேற்றப்பட்ட ரிக் பார்ன்ஸை 2015-ல் டென்னஸி எடுத்துக்கொண்டது. உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து பயிற்சியாளரான நேட் ஓட்ஸ், 2019-ல் அலபாமாவுக்கு வந்து, 2024-ல் அந்தக் கல்லூரியை முதல்முறையாகக் கடைசி நாலுக்குள் கொண்டுபோனார். 2022-ல் ஃப்ளோரிடா நம்பிய டாட் கோல்டன், 2025-ல் ஹூஸ்டனை 65-63 என்று வீழ்த்திக் கோப்பையைத் தூக்கியபோது அவருக்கு வயது 39. 1983-ல் ஜெயித்த ஜிம் வல்வானோவுக்குப் பிறகு இவ்வளவு இளம் வயதில் சாம்பியன் ஆனவர் இவர்தான்.

எதிர்ப்பக்கம் ஏ.சி.சி-யைப் பாருங்கள். ராய் வில்லியம்ஸ் 2021-ல் ஓய்வு. டியூக்கின் மைக் ஷஷெவ்ஸ்கி 2022-ல் ஓய்வு. சிரக்யூஸின் ஜிம் போஹைம் 2023-ல் விடைபெற்றார். 2019-ல் வர்ஜீனியாவுக்குக் கோப்பை வாங்கித் தந்த டோனி பென்னட், 2024 அக்டோபரில், சீஸன் தொடங்கச் சில வாரங்களே இருந்த நிலையில், 55 வயதில் விலகினார். இன்றைய சூழலுக்கு நான் சரியான ஆள் இல்லை என்பதுதான் அவர் வெளிப்படையாகச் சொன்ன காரணம். டியூக் மட்டும் புது கோச்சுடன் பழைய மிடுக்கில் நிற்கிறது. மற்றவர்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

பென்னட் சொன்ன 'சூழல்' எது?

முன்பெல்லாம் ஒரு மாணவர் கல்லூரி மாறினால் ஒரு வருஷம் பெஞ்சில் உட்கார வேண்டும். 2021-ல் அந்த விதி தளர்ந்தது. பிறகு 2024-ல் முழுசாகவே போய்விட்டது. அதே 2021 ஜூலை முதல், வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்றானது. 2025 ஜூலை முதல் கல்லூரிகளே நேரடியாக வீரர்களுக்குப் பணம் கொடுக்கலாம். எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து முதல் ஆண்டுக்கான உச்சவரம்பு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். நம்ம ஊர் பாஷையில் சொன்னால், வருஷா வருஷம் மெகா ஏலம். தக்கவைக்கும் விதி மட்டும் கிடையாது.

இதை ஒரேயடியாகத் தப்பு என்று சொல்லிவிட முடியாது. கோச்சுகள் கோடிகளை வாங்கிக்கொண்டு இஷ்டத்துக்குக் கல்லூரி மாறிய காலத்தில், 19 வயசுப் பையனை மட்டும் 'நீ அசையக் கூடாது' என்று கட்டிப்போட்டிருந்தது என்ன நியாயம்? அந்தக் கட்டு அவிழ்ந்தது நல்லதுதான்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கு. 2025 சாம்பியனான ஃப்ளோரிடாவின் முன்வரிசை ஆட்டக்காரர்களைப் பாருங்கள். இறுதிக்கட்டத்தின் சிறந்த வீரர் விருது வாங்கிய வால்டர் கிளேட்டன் ஜூனியர், அயோனா கல்லூரியில் வளர்ந்தவர். வில் ரிச்சர்ட் வந்தது பெல்மான்ட்டில் இருந்து. அலைஜா மார்ட்டின் வந்தது ஃப்ளோரிடா அட்லாண்டிக்கில் இருந்து. அரையிறுதி வரை வந்த ஆபர்னின் நட்சத்திரம் ஜானி புரூம், மோர்ஹெட் ஸ்டேட்டில் ஆரம்பித்தவர். நாலுமே சின்ன கான்ஃபரன்ஸ் கல்லூரிகள்.

அதாவது, எஸ்.இ.சி-யின் பலம் என்று நாம கைதட்டுவதில் ஒரு பங்கு, எங்கேயோ சில ஆயிரம் பேர் உட்காரும் ஜிம்மில் ஒரு கோச் கத்திக் கத்திச் சொல்லிக்கொடுத்தது. அதற்கு அந்தக் கல்லூரிக்கு என்ன கிடைத்தது? கோச் ஒப்பந்தத்தை முறித்துப் போனால் பொதுவாக நஷ்டஈடு உண்டு. வீரர் போனால் பெரும்பாலும் ஒன்றும் கிடையாது. உலகக் கால்பந்தில்கூட, ஒரு வீரர் பெரிய தொகைக்குக் கைமாறும்போது, சின்ன வயசில் அவரை வளர்த்த கிளப்புகளுக்கு 5 சதவிகிதம் போக வேண்டும் என்று ஃபிஃபா விதி வைத்திருக்கிறது. இங்கே அப்படி எதுவும் இல்லை.

அதன் பலன் 2025-லேயே தெரிந்தது. கடைசி 16 அணிகளில் எஸ்.இ.சி. 7, பிக் டென் 4, பிக் 12-ல் 4, ஏ.சி.சி-யில் டியூக் மட்டும். நாலே கான்ஃபரன்ஸ். மார்ச் மாதத்தின் அழகே, பேர் தெரியாத கல்லூரி ஒன்று பெரிய தலையைச் சாய்ப்பதுதான். 2024-ல் ஓக்லண்ட் பல்கலைக்கழகம் கென்டக்கியை வீழ்த்தியது ஞாபகம் இருக்கலாம். அந்த ஓக்லண்டின் கோச் கிரெக் கேம்ப், 1984-ல் இருந்து அதே கல்லூரியில் இருப்பவர். தோற்ற கென்டக்கியின் கோச் ஜான் கேலிபாரியோ, அடுத்த மாதமே ஆர்கன்சாவுக்கு மாறினார். 2025-ல் அப்படி ஒரு சின்னக் கல்லூரிகூடக் கடைசி 16-ஐத் தொடவில்லை.

அப்போ கோச்சுக்கு என்ன வேலை?

பணம் மட்டும்தான் எல்லாம் என்றால் டெக்ஸாஸ் தோற்றிருக்கக் கூடாது. 1995-ல் இருந்து மிச்சிகன் ஸ்டேட்டில் இருக்கும் டாம் இஸ்ஸோ, 2025-லும் கடைசி எட்டுக்குள் வந்தார். 2005-ல் இருந்து பர்டூவில் இருக்கும் மேட் பெயின்ட்டர், கடைசி 16-க்குள் வந்தார். பையன்களை எடுத்து, இருத்தி, வளர்க்கும் பழைய முறை இன்னும் செத்துப்போகவில்லை. ஆனால், அதைச் செய்யப் பெரிய கான்ஃபரன்ஸின் பாதுகாப்பு தேவைப்படுகிறது. ரெண்டாம் வருஷத்தில் பையன் நன்றாக ஆடத் தொடங்கும்போது, அவனை இருத்திவைக்கவும் காசு வேண்டும் இல்லையா?

கான்ஃபரன்ஸின் பலம் ஆளாளுக்கு மாறும். ஏ.சி.சி. மறுபடி எழலாம், எஸ்.இ.சி. சரியலாம். 2011-ல் 11 அணிகளை அனுப்பிய பிக் ஈஸ்ட், ரெண்டே வருஷத்தில் உடைந்து மறுபடி கட்டப்பட்டது. கவலைப்பட வேண்டியது அடித்தட்டைப் பற்றி. அயோனாவும் பெல்மான்ட்டும் மோர்ஹெட் ஸ்டேட்டும் 'நாம எதுக்கு வளர்க்கணும்?' என்று கேட்க ஆரம்பித்தால், மேலே இருப்பவர்களும் நாளைக்கு ஆள் தேடி அலைய வேண்டிவரும். வளர்த்த கல்லூரிக்கு ஒரு பங்கு என்ற ஒரு விதி போதும். அது வீரரின் சுதந்திரத்தையும் தொடாது. அதை எழுத வேண்டியவர்கள், 2025-ல் 14 இடங்களோடு மேஜையின் தலைமாட்டில் உட்கார்ந்தவர்கள் என்பதுதான் பிரச்னை.