ரேடாருக்கு வழிவிடுமா உங்கள் வைஃபை?

“நல்லாத்தான் போய்க்கிட்டு இருந்துச்சு, திடீர்னு வைஃபை கட் ஆயிருச்சு!” ராமேசுவரம் போன்ற கடலோர ஊர்களில் இதற்கு ரேடாரும் காரணமாக இருக்கலாம்.

5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் 52 முதல் 64 வரையும், 100 முதல் 144 வரையும் உள்ள சேனல்கள் ரேடார்களும் பயன்படுத்தும் அலைவரிசையில் வருகின்றன. அங்கே ரேடார் அலையை உணர்ந்தால் ரவுட்டர் 10 விநாடிக்குள் விலக வேண்டும். 30 நிமிடம் அந்தச் சேனல் பக்கமே போகக் கூடாது. இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் டிஎஃப்எஸ்.

எரிச்சலில் சிலர் ரவுட்டரில் வேறு நாட்டைத் தேர்ந்தெடுத்து இதை முடக்கிவிடுகிறார்கள். மொட்டை மாடியில் ஆன்டெனா வைத்திருப்பவர்கள் இப்படிச் செய்தால் பாதிப்பு அதிகம். 120, 124, 128 ஆகிய சேனல்கள் ‘சி பேண்ட்’ வானிலை ரேடார்கள் இயங்கும் இடம். அங்கே குறுக்கிட்டால் ரேடார் படத்தில் பொய்க்கோடுகள் விழும். உண்மையான மழை மறைந்துபோகும். யாருக்கும் இடையூறு செய்யக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் 2018 அக்டோபரில் இந்த அலைவரிசைகளுக்கு உரிமம் தேவையில்லை என்று அரசு அறிவித்தது.

1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியைப் பறிகொடுத்த மாவட்டம் இது. ராமநாதபுரத்தில் வானிலை ரேடார் அமைக்கப்படும் என்று தமிழக அரசும் அறிவித்திருக்கிறது.

வழி சுலபம்தான். 36 முதல் 48 அல்லது 149 முதல் 165 வரையுள்ள சேனலை வையுங்கள். ரேடாருக்காக விலக வேண்டிய தொல்லை இருக்காது. நாடு ‘இந்தியா’ என்றே இருக்கட்டும். நெட் ஒரு நிமிஷம் நின்னா குடிமுழுகிப் போகாது. புயல் சேதி தப்பினால்?