நட்சத்திர மீனும் நம் விசுவாசமும்

தேர்வில் பரிணாமக் கொள்கை பற்றிய வினா வந்தால் பக்கம் பக்கமாக எழுதுகிறோம், மதிப்பெண்ணும் பெறுகிறோம். மணி அடித்ததும், “அது புத்தகத்துக்கு, நம் விசுவாசத்துக்கு அன்று” என அதைத் தேர்வுக் கூடத்திலேயே விட்டுவிட்டு வருகிறோம். இது முறையா? எழுதுவது ஒன்று, எண்ணுவது ஒன்று என வளரும் உள்ளம் உண்மையை நேசிக்கும் உள்ளமாகுமா? கடலடியில் ஊர்ந்து திரியும் ஒரு சிற்றுயிரைச் சாட்சிக்கு அழைத்து இதனைச் சிந்திப்போம்.

அதுதான் நட்சத்திர மீன். பெயரில் மீன் இருப்பினும் அது மீனன்று. முட்தோலி வகையைச் சேர்ந்தது. வட அமெரிக்காவின் பசிபிக் கரையோரம் ‘வௌவால் நட்சத்திரம்’ என்ற இனம் வாழ்கிறது. இவ்வினத்தின் ஆணும் பெண்ணும் தத்தம் இன அணுக்களைக் கடல் நீரிலேயே விட்டுவிடுகின்றன. பல உயிர்களின் அணுக்கள் மிதக்கும் அந்நீரில், விந்தணு தன் இனத்து முட்டையோடு எவ்வாறு சேர்கிறது? விந்தணுவின் தலைப்பகுதியிலுள்ள ‘பைண்டின்’ என்னும் புரதம் அதற்கு உதவுகிறது. 1977ஆம் ஆண்டில் கடல் முள்ளெலியில் கண்டறியப்பட்ட இப்புரதத்தின் மரபணுவை, 2009ஆம் ஆண்டில் வௌவால் நட்சத்திரத்திலும் விஞ்ஞானிகள் ஆராய்ந்து வெளியிட்டனர்.

நட்சத்திர மீன்களின் இம்மரபணுவில் ஒரு விந்தை உண்டு. டி.என்.ஏ.யின் எழுத்துகள் நான்கே. அவற்றாலான ஒரு தொடர், பாட்டின் பல்லவிபோல் திரும்பத் திரும்ப வருகிறது. பல்லவியுள்ள பாட்டை நோட்டில் பெயர்த்தெழுதும்போது நம் கண் வரி தவறுவதில்லையா? மும்முறை எழுத வேண்டியதை நான்கு முறை எழுதுகிறோம். அல்லது இரண்டோடு நிறுத்திவிடுகிறோம். டி.என்.ஏ. படியெடுக்கப்படும்போதும் இவ்வாறு நழுவுவதுண்டு. ஆகவே இத்தகைய தொடர்களின் எண்ணிக்கை காலப்போக்கில் கூடவும் குறையவும் செய்கிறது. அதுமட்டுமன்று; ஒரு தொடரில் நேர்ந்த மாற்றம் மற்றத் தொடர்களுக்கும் பரவக்கூடும், தோழியின் நோட்டைப் பார்த்தெழுதிய வரிசை முழுவதிலும் ஒரே பிழை காணப்படுவது போல! அதனால் ஓரினத்தின் தொடர்கள் தமக்குள் ஒத்தும், உறவினத்தின் தொடர்களினின்று வேறுபட்டும் அமைகின்றன. இதனை ‘ஒருங்கிணைந்த பரிணாமம்’ என்பர். நட்சத்திர மீன் இனங்களை ஒப்பிட்டு 2016ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு இதற்குச் சான்று காட்டியது. முட்டையோடு சேர உதவும் புரதமே மாறினால், ஓரினம் ஈரினமாகப் பிரியவும் வழி பிறக்கலாமன்றோ?

ஆக, பரிணாமம் பழைய எலும்புகளைப் பற்றிய ஊகம் மட்டுமன்று. எழுத்தெழுத்தாக வாசித்து ஒப்பிடக்கூடிய ஏடு அது.

“பிழையினால் புதுமை பிறக்குமென்றால், படைத்தவருக்கு அங்கே இடமேது?” எனப் பெற்றோர் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். நீராவி குளிர்ந்து மழையாகிறது எனப் படித்த பின்னும் நாம் மழைக்காக இறைவனுக்கு நன்றி கூறாமல் இருப்பதில்லை. மழை பெய்யும் விதத்தை அறிந்ததால் அதைத் தந்தவர் மறைந்துபோகவில்லை. மரபணுவுக்கும் அஃதே பொருந்தும்.

திருச்சபையும் இவ்வாராய்ச்சியின் கதவை அடைக்கவில்லை. பாரம்பரியத்தின் விதிகளைப் பட்டாணிச் செடியில் கண்டு 1866ஆம் ஆண்டில் வெளியிட்ட மெண்டல், அகுஸ்தீனார் சபைத் துறவி. மனித ஆன்மா இறைவனால் நேரடியாகப் படைக்கப்படுகிறது என்பதில் உறுதியாக நின்றே, மனித உடலின் தோற்றம் பற்றி ஆராய 1950ஆம் ஆண்டில் பன்னிரண்டாம் பத்திநாதர் இடமளித்தார். பரிணாமம் வெறும் கருதுகோளுக்கு மேற்பட்டது என 1996ஆம் ஆண்டில் இரண்டாம் அருள் சின்னப்பர் அறிவித்தார்.

எனவே, ஐயமிருந்தால் வகுப்பில் எழுந்து கேட்போம். கேட்கும் மகளைப் பெற்றோர் அதட்ட வேண்டாம். ஒரே மனத்தோடு படிப்போம். அதே மனத்தோடு செபிப்போம். நம் அன்னையைக் ‘கடலின் விண்மீன்’ என அன்போடு அழைக்கும் நாம், கடலடியிலுள்ள விண்மீனைக் கண்டு அஞ்சுவானேன்?