தாளோடு வந்த ஆம்ப்ளிஃபையர்

1947ஆம் ஆண்டு ஏப்ரல், மே இதழ்களில் பிரிட்டனின் ‘வயர்லெஸ் வேர்ல்டு’ பத்திரிகை ஓர் ஆம்ப்ளிஃபையரின் சர்க்யூட்டை வெளியிட்டது. வடிவமைத்தவர் டி.டி.என். வில்லியம்சன் என்ற இளம் பொறியாளர். எந்த வால்வு, எந்த ரெசிஸ்டர் என்பதோடு, அவுட்புட் டிரான்ஸ்பார்மருக்குக் கம்பியை எப்படிச் சுற்ற வேண்டும் என்பதுவரை அதில் இருந்தது. எதையும் அவர் ஒளித்து வைக்கவில்லை. துல்லியமான இசை வசதி படைத்தவர் வீட்டுச் சங்கதியாக இருந்த காலத்தில், சம்பளக்காரர்கள் அதைப் பார்த்து வீட்டிலேயே கட்டி முடித்தார்கள்.

அதே ஆண்டு அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஹீத் கம்பெனி தன் முதல் எலெக்ட்ரானிக் கிட்டான ஆஸிலோஸ்கோப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தது. முன்பு விமானக் கிட் விற்ற கம்பெனி அது. போர் முடிந்து மலிவாகக் குவிந்த ராணுவ உதிரிபாகங்கள் அதை இந்தப் பக்கம் திருப்பின. சில ஆண்டுகளில் வில்லியம்சன் சர்க்யூட்டும் ஹீத்கிட் பெட்டிக்குள் வந்து சேர்ந்தது.

அந்தப் பெட்டியில் நான் பெரிதாக மதிப்பது கையேட்டைத்தான். ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் வெற்று அடைப்புக்குறி ஒன்று இருக்கும். முடித்ததும் பென்சிலால் டிக் அடிக்க வேண்டும். இந்த முனையில் இப்போது ஈயம் வைக்காதே, இன்னொரு கம்பி வர வேண்டியிருக்கிறது என்று அது முன்கூட்டியே சொல்லும். கட்டி முடித்தும் பாடாவிட்டால் எங்கெங்கே பார்ப்பது என்பதற்குத் தனிப் பகுதி உண்டு. 1959இல் வந்த டைனகோ ஸ்டீரியோ 70 இன்னும் ஒரு படி போய், சிக்கலான பகுதியை போர்டில் முன்பே பொருத்தி அனுப்பியது. சேனலுக்கு 35 வாட். விலை நூறு டாலருக்குள்.

ஸ்பீக்கர் பெட்டிக்கும் இதே கதைதான். 1961இல் ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் எழுதிய கட்டுரையும், பிறகு ரிச்சர்ட் ஸ்மால் செய்த ஆய்வும், பெட்டியின் அளவைத் தச்சரின் ஊகத்திலிருந்து கணக்குக்குக் கொண்டுவந்தன.

நம் ஊருக்கு வருவோம். சென்னை ரிச்சி தெருவில் நான் வாங்கிய முதல் கிட், டிடிஏ2030 ஐ.சி. இரண்டு வைத்த ஸ்டீரியோ போர்டு. 12-0-12 டிரான்ஸ்பார்மர், நான்கு டையோடு, இரண்டு பெரிய கெப்பாசிட்டர். எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில் இருந்தன, தாள் மட்டும் இல்லை. ஐ.சி.யை ஹீட் சிங்கில் முடுக்கி, ஹீட் சிங்கை இரும்புப் பெட்டியில் முடுக்கி, சுவிட்சைப் போட்டேன். ஃபியூஸ் போனது. மாற்றினேன், மறுபடியும் போனது. பக்கத்துத் தெரு ரேடியோ மெக்கானிக் அண்ணன் ஒரு பார்வை பார்த்துவிட்டு, “மைக்கா போடலையா தம்பி?” என்றார்.

அந்த ஐ.சி.யின் உலோக முதுகு மைனஸ் சப்ளையோடு உள்ளுக்குள் இணைந்தது. எர்த்தான பெட்டியை அது தொட்டால் நேரே ஷார்ட். நடுவில் மெல்லிய மைக்கா வில்லையும், ஸ்குரூவுக்கு பிளாஸ்டிக் வாஷரும் வைத்ததும் அன்றிரவே வீட்டில் பாட்டுக் கேட்டது. ஒரு வரியில் அச்சடித்திருக்கக்கூடிய செய்திதான் அது. எனக்கு அண்ணன் ஒருவர் பக்கத்துத் தெருவில் இருந்தார். எல்லாத் தெருவிலும் அப்படி ஒருவர் இருப்பாரா?

இயந்திரங்களே போர்டில் பாகம் பொருத்தத் தொடங்கியபின், கட்டிய செட்டை விடக் கிட் மலிவு என்ற நிலை போயிற்று. 1992இல் ஹீத் கிட் விற்பனையை நிறுத்தியது. ஆனால் போர்டுகள் நிற்கவில்லை. இன்று உள்ளங்கை அகல டிபிஏ3116 போர்டு, 21 வோல்ட் கொடுத்தால் 4 ஓம் ஸ்பீக்கரில் சேனலுக்கு 50 வாட் தரும். வில்லியம்சன் 15 வாட்டுக்காகச் சுமந்த இரும்பை நினைத்தால் இது மலைப்பான முன்னேற்றம். எனினும் போர்டோடு தாள் வருவதில்லை. பெயரில்லாத ஊஃபரோடு தீல், ஸ்மால் கணக்குக்கான எண்களும் வருவதில்லை. பொருள் மலிந்தது, அறிவு உதிர்ந்தது. இதை நான் இழப்பு என்றே சொல்வேன். ஏனென்றால் பையன்களும் பெண்களும் முதல் ஃபியூஸோடு அந்தப் போர்டைப் பரணில் போட்டுவிடுகிறார்கள்.

போர்டு விற்கும் கடைக்காரர்களுக்கும் பாலிடெக்னிக் ஆசிரியர்களுக்கும் என் வேண்டுகோள்: ஒவ்வொரு போர்டோடும் தமிழில் ஒரு பக்கம் வையுங்கள். எத்தனை வோல்ட், எத்தனை ஓம், மைக்கா எங்கே, 230 வோல்ட் பக்கம் எதைத் தொடக்கூடாது, பாடாவிட்டால் முதலில் எதைப் பார்ப்பது. அவ்வளவு போதும்.