களைப்புக்கு எத்தனை சொல்?



போன வாரம் ஆங்கில வகுப்பில் பாடம் வாசிக்கும்போது ‘ஃபேட்டிக்யூ’ என்று வாசித்துவிட்டேன். வகுப்பே சிரித்தது. அது ‘ஃபடீக்’காம்! சரி, சிரிச்சா சிரிங்க. என் வருத்தம் வேறு.

அதற்கு இணைச்சொற்கள் டயர்ட்னெஸ், எக்ஸாஷ்சன், வியரினெஸ், லெதர்ஜி என்று நோட்டில் எழுதி மனப்பாடம் செய்தோம். நாலும் ஒன்றுதானா? நான் இல்லை என்கிறேன்.

நூலகத்தில் பெரிய அகராதியைப் புரட்டினேன். எக்ஸாஸ்ட் என்பதன் லத்தீன் மூலத்துக்கு நீரை இறைத்து வற்றவைப்பது என்று பொருள். மோட்டார் போட்டு அடி மண் தெரிகிறவரை கிணற்றை இறைக்கிறோமே, அதேதான். லெதர்ஜி கிரேக்கச் சொல். அதற்குள் மறதி ஒளிந்திருக்கிறது. ஃபடீக் மனிதருக்கு மட்டுமல்ல, உலோகத்துக்கும் வரும். கம்பியை வளைத்து வளைத்து நிமிர்த்தினால் ஒடிந்துவிடும் அல்லவா? 1954-இல் காமெட் என்ற ஜெட் விமானங்கள் இரண்டு வானத்திலேயே உடைந்து கடலில் விழுந்தன. ஒவ்வொரு பயணத்திலும் உள்ளே காற்றழுத்தம் ஏறி இறங்கி, உலோகம் களைத்து, விரிசல் விட்டதுதான் காரணம் என்று சோதனை செய்து கண்டுபிடித்தார்கள்.

தமிழிலும் இப்படித்தான். நாத்து நட்டுட்டு வரும் அம்மா, ‘அசதியா இருக்குடா’ என்பார். ஒரு சான்றிதழுக்காக மூன்றாவது தடவை அலைந்து ‘நாளைக்கு வா’ என்று கேட்டு வந்த அன்று மட்டும், ‘சலிச்சுப் போச்சுடா’ என்றார். அசதி தூங்கினால் போய்விடும். சலிப்பு போகுமா?

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், முதல் பீரியடிலேயே டெஸ்க்கில் தலை சாய்க்கும் நண்பன் ஒருவன் நம் வகுப்பில் இருக்கிறான். அவனுக்கு நாம் வைத்த பெயர் ‘சோம்பேறி’. நானும்தான் கூப்பிட்டேன். காலை 4 மணிக்கு எழுந்து மாடு கறந்து, சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு, சைக்கிள் மிதித்து வருகிறான் என்பது எனக்குப் போன மாதம்தான் தெரியும். சோம்பல் என்ற அர்த்தம் ஃபடீக்கில் எங்கே இருக்கிறது?

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். தேர்வில் இணைச்சொல் எழுதச் சொல்வதற்குப் பதில், ஆளுக்கொரு நிலைமையைக் கொடுத்து, எந்தச் சொல் பொருந்தும் என்று கேளுங்கள். மார்க் குறைந்தாலும் பரவாயில்லை.

நேற்று அவனிடமே கேட்டேன். “எக்ஸாஸ்டடாடா?”

“இல்லடா, பசிக்குது” என்றான்.

– 9-ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவன்