பேட்டரியை மாற்றும் முன் கணக்குப் பாருங்கள்

நவரைப் பட்டத்துக்கு உழவு தொடங்கும் நேரம். உத்திரமேரூர் சுற்றுவட்டாரத்தில் ஒரு டிராக்டர் நின்றால் நாலு வீட்டு வேலை நின்றுவிடும். ஏரியில் தண்ணீர் இருக்கிறது, நாற்றும் தயார். காலையில் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும் வருகிறது, செல்ஃப் எடுக்கவில்லை. உடனே தீர்ப்பு வந்துவிடும்: "பேட்டரி போச்சு!" ஆயிரக்கணக்கில் செலவழித்துப் புதுசு மாட்டுகிறார்கள். பத்து நாள் ஓடுகிறது. பதினோராம் நாள் மறுபடியும் அதே 'டக்'. பிறகு வண்டியை ஏரிக்கரைச் சரிவில் நிறுத்தி, உருட்டி ஸ்டார்ட் செய்வதே வழக்கமாகிவிடுகிறது.

இங்கே பல நேரம் குற்றவாளி பேட்டரி அல்ல. பேட்டரி என்பது வீட்டு உண்டியல் மாதிரி. அதில் காசு போடுவது ஆல்டர்நேட்டர். நம் ஊர்ப் பேச்சில் 'டைனமோ'. வரவு நின்றுபோனால் எந்த உண்டியலும் காலியாகும். உத்திரமேரூரின் பராந்தக சோழன் காலக் கல்வெட்டு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி போட்டியிட முடியாது என்கிறது. அந்த ஊர் டிராக்டருக்கும் அதே விதிதான்: கணக்குப் பார்த்த பிறகே தீர்ப்பு.

கணக்குப் பார்க்க சில நூறு ரூபாய் மல்டிமீட்டர் ஒன்று போதும். டி.சி. வோல்ட்டில், 20 என்ற அளவில் வைத்து, சிவப்பு முனையை பேட்டரியின் பிளஸ்ஸிலும் கறுப்பை மைனஸிலும் தொட வேண்டும்.

முதல் அளவு, இரவு முழுக்க வண்டி நின்ற பிறகு காலையில். 12.6 வோல்ட் என்றால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. 12-க்குக் கீழே என்றால் காலி.

இரண்டாவது அளவு, செல்ஃப் அடிக்கும்போது. நன்றாகச் சார்ஜ் ஏற்றிய பேட்டரியே 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது, அப்போது மாற்றலாம்.

மூன்றாவதுதான் முக்கியம்: இன்ஜின் ஓடும்போது, கொஞ்சம் ஆக்ஸிலேட்டர் கொடுத்து. 13.8 முதல் 14.4 வரை காட்டினால் வரவு சரியாக இருக்கிறது. நின்றபோது இருந்த அதே 12 சொச்சம்தான் என்றால் சார்ஜ் ஏறவில்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டு, பேட்டரித் தண்ணீர் கொதித்து வற்றுகிறது என்று பொருள்.

சார்ஜ் ஏறவில்லை என்றதும் டைனமோவைக் கழற்ற வேண்டாம். முதலில் இன்ஜினை நிறுத்திவிட்டு ஃபேன் பெல்ட்டைக் கட்டை விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். தொளதொளவென்று இருந்தாலோ, பளபளவென்று தேய்ந்திருந்தாலோ பெல்ட் வழுக்குகிறது. அடுத்து டெர்மினல். வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால், மைனஸை முதலில் கழற்றி, வெந்நீரில் ஆப்ப சோடா கரைத்து, அது பேட்டரிக்குள் போகாமல் கழுவித் துடைத்து, இறுக்கி மாட்டி, வாசலின் தடவ வேண்டும். மாட்டும்போது மைனஸ் கடைசி. இன்ஜினுக்கும் சேஸிஸுக்கும் போகும் எர்த் வயரைப் பலரும் மறந்துவிடுவார்கள். சேறும் துருவும் பிடித்த அந்த ஒரு போல்ட்டே பல பேட்டரிகளுக்கு எமன்.

பிறகு டேஷ்போர்டில் உள்ள சார்ஜ் விளக்கு. சாவி போட்டதும் எரிந்து, இன்ஜின் ஓடியதும் அணைய வேண்டும். சாவி போட்டும் எரியவில்லை என்றால் பல்பு போயிருக்கலாம். சில வண்டிகளில் அந்தச் சின்ன பல்பு இல்லாமல் டைனமோ சார்ஜ் செய்யவே தொடங்காது. இவை எல்லாம் சரியாக இருந்தும் வோல்ட் ஏறாவிட்டால்தான் உள்ளே டயோடு, கார்பன் பிரஷ், ரெகுலேட்டர் பக்கம் போக வேண்டும். அது எலக்ட்ரீஷியன் வேலை.

வரவு சரி, காலையில் மட்டும் காலி என்றால் செலவைப் பார்க்க வேண்டும். சிறு டிராக்டர்கள் பலவற்றில் டைனமோ 36 ஆம்பியர்தான். இன்ஜின் மெதுவாக ஓடும்போது அதுவும் குறையும். கூடுதலாக மாட்டிய இரண்டு 55 வாட் ஃபோகஸ் விளக்குகளே 9 ஆம்பியருக்கு மேல் தின்றுவிடும். சாவியை எடுத்த பிறகும் பாட்டுப் பெட்டிக்கு நேரடி வயர் போகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

காசிமேட்டிலிருந்து கடலுக்குப் போகும் விசைப்படகின் டீசல் இன்ஜினிலும் இதே கணக்குதான். 24 வோல்ட் படகு என்றால் அளவுகள் இரட்டிப்பு. அங்கே உப்புக்காற்றில் டெர்மினல் சீக்கிரம் பூக்கும். உருட்டி ஸ்டார்ட் செய்யச் சரிவும் கிடையாது. வயர்லெஸ்ஸும் விளக்கும் அந்த பேட்டரியை நம்பித்தான். அதனால் கரையிலேயே அளந்து பார்த்துவிடுவது உயிருக்கே காப்பு.

செய்யக் கூடாதவை இரண்டு. இன்ஜின் ஓடும்போது "டைனமோ வேலை செய்கிறதா பார்ப்போம்" என்று பேட்டரி வயரைக் கழற்றக் கூடாது. வோல்ட் எகிறி டயோடு கருகிவிடும். சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். பக்கத்தில் பீடியோ தீக்குச்சியோ ஆகாது, வெடித்தால் ஆசிட் முகத்தில் தெறிக்கும்.

மாதம் ஒரு முறை, நின்றபோது எவ்வளவு, ஓடும்போது எவ்வளவு என்று இரண்டு எண்களைக் காலண்டரில் குறித்து வைத்தால் போதும். எண் இறங்கத் தொடங்கினால் உழவு நாளுக்கு முன்பே தெரிந்துவிடும்.