பூட்டிய ஆலையும் ஒரு பாட்டும்

படங்கள் பேசத் தொடங்கிச் சில ஆண்டுகளே ஆகியிருந்த 1934இல் இங்கிலாந்தில் வெளிவந்த நகைச்சுவைப் படம் ஒன்றை அண்மையில் காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. 'சிங் ஆஸ் வீ கோ' என்பது அதன் பெயர். பாடிக்கொண்டே செல்வோம் என்று பொருள் கொள்ளலாம். கதை, நாவலாசிரியர் ஜே. பி. பிரீஸ்ட்லியுடையது, இயக்கியவர் பேசில் டீன்.

சிரிப்பதற்கென்று அமர்ந்த நாம் தொடக்கத்திலேயே திகைத்தோம். லங்காஷயரில் ஒரு பருத்தி ஆலை மூடப்படுகிறது. அங்கு உழைத்த கிரேஸ் என்னும் பெண் சைக்கிளில் ஏறி, பிளாக்பூல் கடற்கரை நகருக்கு வேலை தேடிப் புறப்படுகிறாள். விடுதியில் பணிப்பெண்ணாகிறாள், குறி சொல்லும் கூடத்தில் நுழைகிறாள், மிட்டாய் விற்கிறாள், கேளிக்கைத் திடலில் மனிதச் சிலந்தியாகவும் காட்சி தருகிறாள். ஒவ்வொரு வேலையும் ஒரு கூத்தில் முடிகிறது. விடுமுறைக்கு வந்த மெய்யான மக்கள் திரளின் நடுவே பல காட்சிகளை எடுத்திருக்கிறார்கள். அந்நாளைய பிளாக்பூலைக் காண அதுவே போதும். தான் விரும்பிய இளைஞனின் மனம் வேறொருத்தியை நாடுவதைக் கண்டு அவள் விலகி நிற்கும் இடத்தில் மட்டும் நமக்குச் சிரிப்பு வரவில்லை.

கிரேஸாக நடித்த கிரேசி ஃபீல்ட்ஸ் 1898இல் ராச்டேல் நகரில் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோதே பாதி நாள் பள்ளியிலும் பாதி நாள் பருத்தி ஆலையிலும் கழித்தவர். ஆலைப் பெண்ணின் பேச்சும் நடையும் அவருக்கு யாரும் கற்றுத்தர வேண்டியவை அல்ல.

முடிவில் செயற்கைப் பட்டு நெய்யும் புதுமுறை ஒன்றால் ஆலை மீண்டும் திறக்கிறது. தொழிலாளர் நல அதிகாரியாகிவிட்ட கிரேஸ் முன்னே பாடிச் செல்ல, அனைவரும் உள்ளே நுழைகின்றனர். மனத்துக்கு இனிய முடிவுதான். ஆனால், ஆலைகள் ஏன் மூடப்பட்டன என்பதைப் படம் ஆராயவில்லை.

அதற்கான விடையில் நமக்கும் பங்குண்டு. 1913இல் பிரிட்டன் ஏற்றுமதி செய்த பருத்தித் துணி ஏறத்தாழ 700 கோடி கஜம். அதை மிகுதியாக வாங்கியது இந்தியா. முதல் உலகப் போருக்குப் பின் ஜப்பானியத் துணி போட்டிக்கு வந்தது. நம் நாட்டு ஆலைகள் வளர்ந்தன. அந்நியத் துணிப் புறக்கணிப்பும் சேர்ந்துகொண்டது. அதற்கு முன் லங்காஷயர்த் துணியால் நம் நெசவாளர் குடும்பங்கள் பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை. எனினும், புறக்கணிப்பைப் பெருமையோடு பள்ளியில் படித்த நாம், மறுகரையில் அணைந்த அடுப்பைப் பற்றி ஒருநாளும் நினைத்ததில்லை.

காந்தியடிகள் நினைத்தார். வட்டமேசை மாநாட்டுக்காக 1931இல் இலண்டன் சென்றவர், செப்டம்பர் இறுதியில் லங்காஷயரின் டார்வென் பகுதிக்கே நேரில் போனார். வேலையிழந்தோரின் துயரைக் கேட்டார். இந்தியாவின் வறுமை அதனினும் கொடியது என்பதையும் மறைக்காமல் சொன்னார். அவரை ஆலைப் பெண்கள் சூழ்ந்துநின்று ஆரவாரம் செய்யும் புகைப்படத்தை வாசகர்கள் பலர் பார்த்திருக்கக் கூடும். மூன்றாண்டு கழித்து இந்தப் படம் அவ்வூர்ப் பக்கம் வந்தபோது, அப்பெண்களுள் எத்தனை பேர் கொட்டகையில் அமர்ந்து சிரித்திருப்பரோ!