நாற்பது துளிப் புரட்டு

நாற்பது துளி இரத்தம் சேர்ந்தால் ஒரு துளி விந்தாம்! கணக்குப் போட்டவன் யார்? அளந்து பார்த்த கலம் எது? கேட்பார் இல்லை, கேட்டாலும் சொல்வார் இல்லை. ஆயினும் அக்கணக்கு ஊர்தோறும் உலவுகிறது. பேருந்து நிலையச் சுவரிலே ஒட்டப்பட்டிருக்கிறது. நள்ளிரவுத் தொலைக்காட்சியிலே மாலையணிந்து வீற்றிருக்கிறது. முதலில் இளைஞனின் உறக்கத்தைப் பறிக்கிறது. பிறகு அவனது சட்டைப்பையைப் பறிக்கிறது.

அவர்கள் கணக்கையே நாமும் போட்டுப் பார்ப்போம், தோழர்களே! ஒருமுறை வெளிப்படும் விந்து ஏறத்தாழ 3 மில்லி லிட்டர். நாற்பதால் பெருக்கினால் 120 மில்லி லிட்டர் இரத்தம். புதிதாக மணந்தவன் முப்பது நாள் மனைவியோடு கூடி மகிழ்ந்தால், இழந்த இரத்தம் 3,600 மில்லி லிட்டர்! மனித உடலில் இருப்பதோ ஏறத்தாழ 5 லிட்டர். மறுவீட்டு விருந்துக்கு மாப்பிள்ளையைக் கட்டிலோடு அன்றோ தூக்கிச் சென்றிருக்க வேண்டும்? எந்த ஊரிலே தூக்கினார்கள்?

விந்து நீரின் பெரும்பகுதி விந்துப்பைகளிலும் புராஸ்டேட் சுரப்பியிலும் ஊறுவது. உயிரணுக்கள் அதில் நூற்றுக்குச் சில பங்கே. விரைகள் அவற்றை நாள்தோறும் ஆக்கிக்கொண்டே இருக்கின்றன. சேமித்து வைத்தால் பெருகும் செல்வமுமன்று, செலவிட்டால் வற்றும் கிணறுமன்று. உறக்கத்தில் வெளிப்படுவதும் தன் கையால் வெளிப்படுவதும் உடலின் இயல்பு; அதனால் நரம்பு தளர்ந்தவன் எவனுமில்லை. ஆனால் தளர்ந்துவிட்டதாக நம்பி நலிந்தவர்கள் உண்டு. இந்த மண்ணில் இத்தகையோரை நிரம்பக் கண்ட மனநல மருத்துவர் என். என். விக், 1960இல் அந்த அச்சத்துக்கே 'தாது நோய்க்குறி' என்று பெயரிட்டார். நோய் உடலிலே இல்லை, ஊட்டப்பட்ட கதையிலே இருக்கிறது!

அச்சத்தை ஊட்டியவர்களே அடுத்து வந்து கேட்கிறார்கள்: "விந்து முந்துகிறதா?" முந்தாமல் என்ன செய்யும்? பாவம் செய்தவனைப் போல நடுங்கிக்கொண்டு பள்ளியறை புகுபவனுக்கு அவசரமன்றி வேறென்ன வரும்? அச்சம் ஒன்றே காரணம் என்று நான் கூறவில்லை. சிலருக்கு அது தொடக்கம் முதலே உள்ள உடற்கூறு; சிலருக்குத் தைராய்டு மிகுதியாலும் புராஸ்டேட் அழற்சியாலும் இடையிலே வருவது. மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டியதை மாடியறை எத்தர் நாடியில் கை வைத்ததும் சொல்லிவிடுகிறார்!

எது முந்துதல்? அதற்கும் அளவு உண்டு. ஐந்து நாடுகளில் ஏறத்தாழ ஐந்நூறு இணையரைக் கடிகாரம் கொண்டு அளந்த ஆய்வு 2005இல் வெளிவந்தது. புணர்ச்சி நேரத்தின் நடு அளவு 5.4 நிமிடம். ஆம், அரை மணியுமன்று, இரவு முழுதுமன்று! தொடக்கம் முதலே ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்குள் முடிந்து, தடுக்கவும் இயலாமல், அதனால் மனம் வருந்தினால்தான் அதை வாழ்நாள் குறையாக மருத்துவ உலகம் கொள்கிறது. ஐந்து நிமிட இயல்பினனை நோயாளி ஆக்குவது சுவரொட்டி.

குறை உண்மையாகவே இருப்பின், வழியும் உண்டு. அமெரிக்க மருத்துவர் ஜேம்ஸ் செமன்ஸ் 1956இலேயே எழுதினார்: உச்சம் நெருங்கும் தறுவாயில் தூண்டலை நிறுத்துக, அடங்கியபின் தொடர்க, மீண்டும் மீண்டும் பழகுக. மாஸ்டர்ஸும் ஜான்சனும் 1970இல், அத்தறுவாயில் குறிமுனையின் கீழே சில விநாடி அழுத்தும் முறையைக் கூறினர். இடுப்படித் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியும் பலருக்கு உதவுகிறது. ஆணுறையே சிலருக்குப் போதும். மரக்கச் செய்யும் பூச்சும், டபோக்செட்டின் முதலிய மாத்திரைகளும் இருக்கின்றன. இவற்றை மருத்துவர் எழுதித் தர வேண்டும். இப்பயிற்சிகளிலே செலவு சிறிது, பொறுமையே பெரிது. துணைவியின் ஒத்துழைப்பும் வேண்டும். அங்கேதான் நம் 'ஆண் சிங்கங்கள்' தயங்குகின்றன! பெண்ணிடம் வாய் திறந்து பேசுவதைவிட லேகியத்துக்குக் கடன் வாங்குவது மானமாம். அவளுக்கு என்ன வேண்டும், என்ன பிடிக்கும் என்று ஒருநாளேனும் கேட்டதுண்டா? விளம்பரம் முழுதும் தேடுங்கள். அவள் விருப்பம் பற்றி ஒரு வரி இராது. குதிரை இருக்கும்.

லேகியத்திலே என்ன இருக்கிறது? அமெரிக்காவில் 'மூலிகை' எனப் பெயரிட்டு விற்ற வீரியப் பண்டங்கள் பலவற்றில் சில்டெனாஃபில் கலந்திருந்ததை அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கண்டுபிடித்தது. இதய வலிக்கு நைட்ரேட் மாத்திரை உண்பவன் அறியாமல் இதையும் விழுங்கினால், இரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். மரணம் வந்தால் மூலிகை பொறுப்பேற்குமா?

"தமிழ் மருத்துவத்தைப் பழிக்கிறாயே!" என்று சீறுவர் சிலர். பாளையங்கோட்டையிலே 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே ஐந்தாண்டுக்கு மேல் படித்துப் பட்டம் பெற்று, பதிவு எண்ணோடு அமர்ந்திருப்பவர் ஒருவர். மாதம் ஒருநாள் விடுதி அறையில் தங்கி மறுநாள் மறைபவர் மற்றொருவர். இருவரையும் ஒன்றாக்கித் தமிழின்மேல் பழிபோடுவது நானா, நீங்களா?

பேசத் துணிந்தவர்களை இந்நாடு எப்படி நடத்தியது? பம்பாயில் 'சமாஜ் ஸ்வாஸ்த்ய' என்ற மராத்தி இதழை நடத்திய ர. தோ. கார்வே, பாலியல் பற்றி வாசகர் கேட்ட வினாக்களுக்கு விடையளித்தார். ஆபாசம் என்று 1934இல் வழக்கு! அவருக்காக வாதாடியவர் அண்ணல் அம்பேத்கர். ஆயினும் தண்டம் விதிக்கப்பட்டது. உண்மை சொன்னவனுக்குத் தண்டம். புரட்டு விற்பவனுக்கு நகரின் நடுவிலே அறை!

இத்தனைக்கும் சட்டம் இல்லாமலில்லை. பாலின்பத் திறனைப் பெருக்குவதாக மருந்து விளம்பரம் செய்வதே குற்றம் என்கிறது 1954ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் மாய மருத்துவ விளம்பரத் தடைச் சட்டம். முதல் குற்றத்துக்கே ஆறு திங்கள் வரை சிறை உண்டு. சுவரொட்டியிலே விடுதியின் பெயர் இருக்கிறது. அறை எண் இருக்கிறது. வரும் நாள் இருக்கிறது. கைப்பேசி எண்ணும் இருக்கிறது. காவல் துறைக்கு இன்னும் என்ன முகவரி வேண்டுமாம்?